வலிக்குதா என்று கேட்டால்

ஜூன் 3

ஃபிட்டர் சாருக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. இரண்டு கையிலும் கிரீஸ், காதில் வைக்க முடியாது, சரி. ஆனால் நான் சொல்லப்போவதை உங்கள் பாட்டில் கம்பெனி ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்க வேண்டாம். இங்கே அக்கா வீட்டிலும் ஹாலில் நின்றுதான் பேச வேண்டும். நான் போனை எடுத்தால் அத்தான் செய்தித்தாளைத் திருப்புவதைக்கூட நிறுத்திவிடுகிறார். ஆகவே தாளும் பேனாவும்.

முதலில் சண்டை. அன்றைக்கு நீங்கள் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னு வந்திருச்சு. பின்ன என்னதான் உனக்கு? என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடு." நான் துணியை எடுத்துப் பையில் வைத்தேன். பதில் இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் உடைந்துபோவேன் என்று பயமாக இருந்தது.

ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், சிறுநீர் நார்மல். அவ்வளவு நார்மலான ஒருத்தி, உட்கார முடியாமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்துகிறாள். உட்கார்ந்தால் அடியில் கங்கு வைத்த மாதிரி எரிகிறது. இரண்டு வருடமாக இதே கதை. இப்போது பள்ளிக்கு நீண்ட லீவு சொல்லிவிட்டேன்.

அக்கா என்னை ஒரு பிசியோ அம்மாவிடம் அழைத்துப் போனாள். முட்டி வலிக்குத்தானே பிசியோ, இடுப்புக்குள்ளே இவர்கள் என்ன செய்ய முடியும் என்று நானும் கேட்டேன். இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில் கட்டிய மாதிரி தசைகள் இருக்கின்றனவாம். மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் தாங்குவது அவைதான். எனக்கு அவை இறுகிப்போய்க் கிடக்கின்றன. ஸ்கேனில் அது தெரியாதாம்.

"ஏதாவது எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்டார்.

"பண்றேன் மேடம், ஒரு வருஷமா. ஒண்ணுக்கு அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கி இறுக்கி விடணும். எங்க வீட்டுக்காரர் அதுக்கு அலாரமே வெச்சுக் குடுத்திருக்கார்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நல்ல மனுஷன்தான். ஆனா இன்னைக்கே நிறுத்திடுங்க. தளர்ந்துபோனவங்களுக்குத்தான் அது. உங்க தசைக்கு இறுக்கிப் பிடிக்க மட்டும்தான் தெரியும், விடத் தெரியலை. நாம விடுறதுக்குத்தான் கத்துக்கப் போறோம்."

இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. தெரிய வேண்டியது உங்களுக்கும் தெரியட்டும் என்று எழுதினேன்.

உங்கள் டீச்சர்


ஜூன் 9

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பமாட்டாய் என்ற தைரியத்தில் பதில் எழுதுகிறேன். லீவு லெட்டர் தவிர நான் வேறு லெட்டர் எழுதிப் பல வருடம் ஆகிறது.

ஆக, குற்றவாளி நான். ஒழுகினால் இறுக்குவதும் ஆடினால் இறுக்குவதும்தான் என் பிழைப்பு. அந்த எக்சர்சைஸை நான் பிடித்த வீடியோவில் ஒரு பெண், எல்லாப் பெண்களும் இதைச் செய்ய வேண்டும் என்று அடித்துச் சொன்னாள். எவன் பெண்டாட்டிக்காக உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கிறான்? நான் பார்த்தேன். ஷிஃப்டில் இருக்கும்போதுகூட அலாரம் அடித்ததா என்று உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். இப்போது என் பெயர் கெட்டதுதான் மிச்சம். நல்ல மனுஷன் என்று அந்த அம்மா சொன்னாராமே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வலிக்குதா என்று நான் கேட்காத நாள் உண்டா? பகலில் கேட்டிருக்கிறேன், இருட்டில் கேட்டிருக்கிறேன், கேட்கக்கூடாத நேரத்தில்கூட நிறுத்திக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ என்ன சொன்னாய்? "இல்லைங்க." உட்கார்ந்தால்தான் எரிச்சல், மற்ற நேரம் இல்லை என்றுதானே எடுத்துக்கொள்வேன்? அப்புறம் ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். மறுநாளும் அப்படியே. மாதக்கணக்கில் உன் முதுகைத்தான் பார்த்தேன். நான் என்ன ஜோசியனா? வேறு எதைத்தான் நினைப்பேன்?

வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நீ கொடியில் போட்டுவிட்டுப் போன துணியை நான் எடுக்கவில்லை. காய்ந்து அட்டை மாதிரி விறைத்துவிட்டது. எடுத்து மடித்தால் நீ ஊருக்குப் போனது உறுதியாகிவிடும் போல இருக்கிறது.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
ஃபிட்டர்


ஜூன் 15

ஃபிட்டர் சாருக்கு,

எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. மன்னித்துவிட்டேன்.

உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, இல்லை, நின்று, எத்தனை தாளைக் கிழித்தேன் என்று அக்காவைக் கேளுங்கள். குப்பைக்கூடையைக் காட்டுவாள்.

பிசியோ அம்மா கையுறை போட்டுக்கொண்டு ஒரு விரலால் உள்ளேயிருக்கும் தசையை மெதுவாக அழுத்தி விடுவார். எங்கே இறுக்கம், எங்கே வலி என்று பார்ப்பார். படிக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எழுத எனக்கும்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். "நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் வலிக்காதபோதே சும்மா "நிறுத்துங்க" என்று சொல்லிப் பார்த்தேன். உடனே கையை எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அழுகை வந்ததோ.

அப்போதுதான் புரிந்தது. நீங்கள் கேட்கும்போதெல்லாம் வலித்தது. வலிக்குது என்று ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில் சொன்னேன். உங்கள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. ஏதோ பெரிய தப்பு செய்துவிட்ட மாதிரி எழுந்து போய் வெளியே நின்றீர்கள். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் "இல்லைங்க." பல்லைக் கடித்துக்கொண்டு "இல்லைங்க." வாய் இல்லை என்றது, உடம்பு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இப்போது நீங்கள் விளக்கை அணைக்க எழுந்தாலே அது தானாக இறுகுகிறது. போனில் உங்கள் பெயர் வந்தால்கூட. இதைப் படித்தால் உங்களுக்கு வலிக்கும், தெரியும். ஆனால் உங்களைப் பிடிக்காமல் இல்லை. பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு வம்பு.

இப்போது தினமும் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, வயிறு உப்புகிற மாதிரி மூச்சு விடுகிறேன். மூச்சு உள்ளே போகும்போது கீழே இருக்கிற தசை தானாக இறங்கி விரியுமாம். நாம் எதுவும் செய்யக்கூடாது. எதுவும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம். தாடையைத் தளர்த்த வேண்டும், பல்லும் பல்லும் ஒட்டக்கூடாது. முதல் நாள் அத்தான் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, நான் நாற்காலியோடு விழுந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்துவிட்டார். தெளிப்பதற்குள் கண்ணைத் திறந்தேன், தப்பித்தேன்.

டீச்சர்


ஜூன் 24

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. பாதியில் எழுந்து போய் பாய்லர் ரூமில் நின்று மீதியைப் படித்தேன். கண்ணில் தூசி என்று சொன்னேன். பாய்லர் ரூமில் தூசி இருக்கும், அதனால் யாரும் துருவவில்லை.

நான் வெளியே போய் நின்ற அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. உன் மேல் கோபம் என்று நீ நினைத்தாயா? உன்னைக் காயப்படுத்திவிட்டேன், இவள் இனி என்னை எப்படிப் பார்ப்பாள் என்றுதான் நின்றேன். அதற்கப்புறம் நீ இல்லை என்று சொன்னபோதெல்லாம் அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததால் நானும் கிளறவில்லை.

நீ எழுதிய மாதிரி நானும் தரையில் படுத்து நாற்காலியில் காலைப் போட்டுப் பார்த்தேன். வயிறு உப்பவே மாட்டேன் என்கிறது, நெஞ்சுதான் ஏறி இறங்குகிறது. தாடையைத் தொட்டால் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. யார் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் என்று யோசித்தேன். ஒருத்தர் மேலும் இல்லை. பயம்தான். நீ ஒரேயடியாகப் போய்விடுவாய் என்ற பயம்.

இனி உனக்குப் பயமே வேண்டாம். அதற்கு ஒரு வழி செய்துவிட்டேன். மிச்சம் கிடந்த பைப்பை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வெல்டிங் வைத்து, தனியாக ஒரு கட்டில் செய்துவிட்டேன். அசைத்தால் ஆடாது. எனக்கு ஹாலில் போட்டாயிற்று. உள் அறை முழுக்க உனக்கே. நான் விளக்கை அணைக்கக்கூட அந்தப் பக்கம் வரமாட்டேன். நிம்மதியாக வரலாம்.

ஃபிட்டர்


ஜூலை 1

கட்டில் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வெல்டிங்கில் யாராவது குறை சொல்ல முடியுமா?

வலிக்கிறது என்றுதான் எழுதினேன். தள்ளிப் போங்கள் என்று எழுதவில்லை. எந்த வரியில் அப்படிப் படித்தீர்கள் என்று காட்டுங்கள், நான் வாத்தியார் வேலையை விட்டுவிடுகிறேன். தூக்கத்தில் உங்கள் கால் என் கால் மேல் வந்து விழும். கனமான கால். அது மட்டும்தான் எனக்கு வலிக்காமல் இருந்தது. அதையும் ஹாலுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

அன்றைக்கு வலியை மறைத்தேன், என்னைப் பிடிக்கவில்லையா என்றீர்கள். இன்றைக்கு உள்ளதைச் சொன்னேன், தனிக் கட்டில் வந்துவிட்டது. நான் எதைத்தான் செய்வது?

முந்தாநாள் உங்கள் கடிதம் வந்தது. அதிலிருந்து உட்காரவே முடியவில்லை. இதை அலமாரி மேல் தாளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கேயே ஒரு பள்ளியில் வேலைக்குக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று அக்கா கேட்கிறாள். வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.


ஜூலை 5

டீச்சரம்மா,

உன் கடிதம் வந்த அன்றைக்கே கட்டிலைக் கம்பெனி கேட் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். மகராசனாக இருங்க என்று பார்க்கிற போதெல்லாம் வாழ்த்துகிறார். ஒவ்வொரு வாழ்த்தும் செருப்பால் அடித்த மாதிரி இருக்கிறது.

கட்டிலைச் செய்வதற்கு முன் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு வேலை கையில் கிடைத்துவிட்டால் செய்து முடிக்கிற வரை எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. யாருக்கு வேலை, அவர்களுக்கு இது வேண்டுமா என்று கேட்கத் தோன்றாது. அலாரமும் அப்படித்தான், கட்டிலும் அப்படித்தான். ஹாலில் போய்ப் படுக்க எனக்கு ஆசை என்றா நினைத்தாய்? போட்ட அன்று ஒரு ராத்திரி படுத்தேன். தூக்கமே வரவில்லை.

அங்கே வேலைக்குச் சேர்வதாக இருந்தால் சேர்ந்துகொள். உன் உடம்புக்கு அதுதான் நல்லது என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நான் இனி எதையும் சரிசெய்யக் கிளம்பமாட்டேன். அந்த பிசியோ அம்மாவைப் பார்க்க நானும் வரலாமா? உள்ளே வரவேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வரவே வேண்டாம் என்றாலும் சரி. நீ சொல்.


ஜூலை 12

ஃபிட்டர் சாருக்கு,

வாருங்கள். சனிக்கிழமை காலை வந்தால் மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம். பிசியோ அம்மாவிடம் கேட்டேன். "அந்த அலாரம்காரரா? நானே பார்க்கணும்னு நெனச்சேன்" என்று சிரிக்கிறார். உங்கள் புகழ் இங்கேயும் பரவிவிட்டது.

வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். போன வாரம் எல்லாரோடும் மேஜையில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்று துள்ளினேன். மறுநாள் கடைத்தெருவுக்கு ஆட்டோவில் போய் வந்தேன், பழையபடி எரிச்சல். வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அழுதேன். எல்லாம் வீண் என்று பிசியோ அம்மாவிடம் கத்தினேன். அவர் அசரவில்லை. "ஏறும், இறங்கும். முழுசாப் போயிடும்னு சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஆனா குறையும். வந்தா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பயம் போனாலே பாதி வலி போகும்" என்றார்.

வலி முழுக்கப் போன பிறகுதான் உங்களிடம் வரவேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் நான் எப்போதுமே வரமுடியாமல் போகலாம். அதை நினைத்தால் வலியைவிடப் பெரிய பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். வலிக்குது என்று நான் சொன்னால் யாரும் எழுந்து ஓடிவிடமாட்டார்கள் என்று என் உடம்புக்குத் தெரிய வேண்டுமாம். தெரிந்தால்தான் அது விடுமாம். அதற்கு முதலில் நான் சொல்ல வேண்டுமே. தாளில் எழுதிவிடுகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. அந்த "இல்லைங்க" நாக்கு நுனியிலேயே குடியிருக்கிறது.

வரும்போது எதுவும் வாங்கி வரவேண்டாம். எதுவும் செய்து கொண்டுவரவும் வேண்டாம். முக்கியமாக இரும்பில்.

டீச்சர்


ஜூலை 21

டீச்சரம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உன் அக்காவிடமும் சகலையிடமும் சொல்லிவிடு. சகலை வழிச்செலவுக்குப் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாரே, நல்ல மனுஷன். அவரைப் பற்றி நீ எழுதியதையெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த அறையில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். என் உள்ளங்கையை உன் முதுகில் சும்மா வைக்கச் சொன்னார். அழுத்தக்கூடாது, தேய்க்கக்கூடாது, உன் மூச்சு போகிற போக்கில் கை போக வேண்டும். நான் ஏதோ வெடிகுண்டைத் தொடுகிற மாதிரி வைத்தேன். வைத்ததுமே நீ "போதும்" என்றாய். எடுத்துவிட்டேன். முகம் சுருங்கக்கூடாது, சுருங்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சுருங்கியிருந்தாலும் நீ பார்க்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பியிருந்தாய். அப்புறம் நீயாகவே கையைப் பின்னால் நீட்டித் துழாவி, என் கையைப் பிடித்து இழுத்து, அதே இடத்தில் வைத்துக்கொண்டாய். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. பஸ்ஸுக்காக.

நான் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நீ கீழே ஜன்னலோரம் நின்றாய். காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாய், எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டேன், "வலிக்குதா?" நீ கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "இல்லைங்க." அவ்வளவு கடிதம், அவ்வளவு தூரம் வந்து, கடைசியில் பழைய இடத்திலேயே நிற்கிறோம் என்று நினைத்தேன். நானும் பழையபடி தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது.

அப்புறம்தான் உன் குரல். வகுப்பில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற குரல். "பொய்! பொய் சொன்னேன்! வலிக்குது! ரொம்ப வலிக்குதுங்க!"

டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார். "யாருக்கு என்னாச்சு?" என்று கண்டக்டர் ஓடிவருகிறார். பக்கத்து சீட்டில் இருந்தவர் என் தோளைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரம்மாவா? இறங்கிப் போய்ப் பாருங்க தம்பி" என்கிறார். தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நீ அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியவில்லை. நான் "சரி!" என்று கத்தினேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கையை ஆட்டினாய், போ போ என்று.

"இறங்கலையா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"இல்லைங்க, நல்ல சேதிதான்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். அதற்கப்புறம் நான் அழ ஆரம்பித்தேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

வலி குறையட்டும் என்று காத்திருக்காதே. குறைந்தால் குறையட்டும், இல்லாவிட்டால் அதையும் கூட்டிக்கொண்டு வா. அந்த அம்மாவிடம் மாதம் ஒரு தடவை நாம் இரண்டு பேருமாகப் போய் வரலாம். ராத்திரி நீ வலிக்குது என்று சொன்னால் நான் சரி என்று சொல்வேன். எழுந்து போகமாட்டேன், பக்கத்திலேயே படுத்திருப்பேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லிக்கொடு.